தெரிந்தால் சோற்றுக்கை

வருஷத்தில் ஒரு நாள் எங்கள் பள்ளிக்கூடத்துக்கு இன்ஸ்பெக்டர் வருவார். அந்த ஒரு நாளுக்காகத்தான் சுவருக்குச் சுண்ணாம்பு, கரும்பலகைக்குக் கோவையிலையும் கரியும், எங்களுக்கு நகம் வெட்டல் எல்லாம். மற்ற நாட்களில் ஓட்டை ஓட்டு வழியாக மழை உள்ளே வந்து எங்களோடு உட்கார்ந்து பாடம் கேட்கும். யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள்.

அந்த நாளில் என் அக்கா பூவம்மாளுக்கும் இன்னும் சில பிள்ளைகளுக்கும் மட்டும் லீவு. லீவு என்று நாங்கள் வெளியே சொல்லிக்கொள்வோம். நடப்பது வேறு. முந்தின நாள் சாயந்திரம் மணி அடித்ததும் பெரிய வாத்தியார் துளசிராமன் நாலைந்து பிள்ளைகளை மட்டும் நிறுத்தி வைப்பார். "நாளைக்கு நீங்க வர வேணாம். நாளன்னைக்கு வந்தாப் போதும்" என்பார். விருந்தாளி வருகிறார் என்றால் கிழிந்த பாயைச் சுருட்டி மூலையில் செருகுவார்களே, அப்படி. அக்கா வருஷா வருஷம் சுருட்டப்பட்டாள்.

அவள் எனக்கு மூத்தவள். ஆனால் ஒரே வகுப்பில், ஒரே பெஞ்சில் உட்கார்ந்தோம். அவள் தேறாமல் மூன்றாவதிலும் நின்றாள், நான்காவதிலும் நின்றாள். பின்னால் வந்த நான் போய் அவளைப் பிடித்துவிட்டேன். "செண்பகம், உங்க அக்கா உனக்கு எடம் போட்டு வெச்சிருந்தாளா?" என்று பிள்ளைகள் கேலி செய்வார்கள். கேட்டவனைக் கிள்ளாமல் நான் விட்டதில்லை. அக்கா சிரித்துக்கொண்டே நகர்ந்து இடம் விடுவாள்.

எழுத்து அவள் கண்ணில் நிற்காது. ஒரு எழுத்தைக் காட்டி இதுதான் 'ம' என்று சொன்னால் ஆமாம் என்பாள். அதே எழுத்து அடுத்த வரியில் வந்தால் புது ஆளைப் பார்ப்பது போலப் பார்ப்பாள். "இத்த எங்கியோ பாத்துகீறேன்டீ. மூஞ்சி தெரியுது, பேரு வரல" என்பாள். சிலேட்டில் எழுதினால் எழுத்துகள் முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்கும். அதற்காக அவள் வாங்கிய அடியை மாட்டுக்குக் கொடுத்திருந்தால் மாடு படித்திருக்கும்.

ஆனால் காது? ஒரு தரம் சொன்னால் போதும். ஒரு பாடத்தை நான் சத்தமாகப் படித்தால், மறுநாள் அதை அப்படியே, நான் மூச்சு விட்ட இடத்தில் மூச்சு விட்டுச் சொல்வாள். நான் தப்பாகப் படித்திருந்தால் அந்தத் தப்போடு சேர்த்து வரும். இந்தப் பிள்ளையை மக்கு என்று சொன்னால் எனக்கு உடம்பு பற்றிக்கொண்டு வரும். இன்றைக்கும் வருகிறது.

வீட்டில் அவரவருக்குத் தெரிந்த வைத்தியம் பார்த்தார்கள். அம்மா அங்காளம்மாள் ஏரிக்கரையில் வல்லாரை பறித்து வந்து துவையல் அரைத்துப் போட்டாள். அக்கா முகம் சுளிக்காமல் சாப்பிட்டாள், நான் துப்பினேன். அக்கா சின்ன வயதில் எதற்கும் இடது கையைத்தான் நீட்டுவாளாம். அந்தக் கையைத் துணியால் இடுப்போடு கட்டிவிட்டு, சோற்றுக்கையால் சாப்பிட அம்மா பழக்கினாளாம். சாப்பிடப் பழகிவிட்டாள். ஆனால் சந்தோஷமோ பயமோ வந்தால் முதலில் எழும்புவது இடது கைதான். ஓணானைக் கண்டாலும் அதுதான், ஐஸ் வண்டியைக் கண்டாலும் அதுதான்.

எங்கள் நைனா லோகநாதன் அப்போது எஸ்டேட் என்று நாங்கள் சொல்லும் தொழிற்பேட்டையில், ஒரு கம்பி கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்திருந்தார். அதுவரை ஊரார் நிலத்தில் ஏர் ஓட்டியவர். கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் புகைபோக்கிகள் ஒன்றன்பின் ஒன்றாக எழும்பிக்கொண்டிருந்த காலம். காய்ச்சிய இரும்பு தெறித்து அவர் முன்னங்கை பூராவும் புள்ளி புள்ளியாக வடு. அம்மாவும் அங்கேதான் புதுக் கட்டடங்களில் சித்தாளாகக் கலவை சுமந்தாள். சாயந்திரம் நானும் அக்காவும் ரயில் பாதை ஓரம் கரி பொறுக்கப் போவோம். இஞ்சின் கொட்டிவிட்டுப் போகும் அரைவேக்காட்டுக் கரி எங்கள் அடுப்புக்கு நன்றாக எரியும். அக்கா கூடையோடு முன்னால் குனிந்து போவாள். நான் பின்னால் புத்தகத்தைப் பிரித்துப் படித்துக்கொண்டே போவேன். அவள் திருப்பிச் சொல்வாள். பூகோளம், சரித்திரம், தமிழ் எல்லாம் அவளுக்குள் இறங்கியது அந்தத் தண்டவாளத்து ஓரத்தில்தான்.

நாங்கள் ஐந்தாவது படித்த வருஷம் அம்மா ஒரு நாள் சோறு போடும்போது தீர்மானமாகச் சொன்னாள்.

"இந்த வருசம் பெரிசு தேறலன்னா என்கூட வேலைக்கி வரட்டும். வயசுக்கு வந்த பொண்ணு சின்னப் புள்ளைங்களோட எத்தினி நாளு குந்திக்கினு கெடக்கும்? பாக்கறவ சிரிக்கிறா."

"அத்த ஏன் இப்பப் பேசுற? தேறும்" என்றார் நைனா. "ஆறாவது போயிட்டாப் போதும். நானு கைநாட்டு. எம் புள்ளைங்க ரெண்டும் எட்டாவது தாண்டணும்."

அன்று படுக்கும்போது அக்கா என் பக்கம் திரும்பி, "நீ மட்டும் ஆறாவது போயிட்டா எனக்கு யாருடீ படிச்சுக் காட்டுவாங்க?" என்று கேட்டாள். அவளுக்கு அம்மாவோடு கலவை சுமப்பது பயமில்லை. வேலைக்கு அஞ்சுகிறவள் இல்லை அவள். பாடம் நின்றுவிடும் என்பதுதான் பயம். "நீயும்தான் ஆறாவது வருவ" என்றேன். எப்படி என்று எனக்கும் தெரியாது.

அந்த வருஷம் இன்ஸ்பெக்‌ஷனுக்குப் பெரிய வாத்தியாருக்கு ஒரு பேஜார் வந்து சேர்ந்தது. எஸ்டேட்டில் செங்கல் எடுத்துக் கொடுக்கப் பல பிள்ளைகள் போய்விட்டதால் பள்ளிக்கூடம் காலியாகக் கிடந்தது. தலை குறைந்தால் ஒரு வாத்தியார் வேலை போய்விடும். அதனால் மனிதர் பொன்னேரியிலிருந்து தன் மச்சினியின் பிள்ளைகள் இரண்டு பேரை ரயிலேற்றிக் கூட்டிவந்து எங்கள் வகுப்பில் உட்கார வைத்தார். அப்படியும் பெஞ்சு நிறையவில்லை. வேறு வழியில்லாமல், "பூவம்மா, நீயும் நாளைக்கு வந்துடு" என்றார்.

அக்கா வீட்டுக்கு ஓடியே வந்தாள். "அம்மா, இன்ஸ்பெட்டரு வர்ற அன்னிக்கி என்னியும் வரச் சொல்லிட்டாரு" என்று தெரு பூராவும் கேட்கச் சொன்னாள். அவளை அழைத்த காரணம் எனக்குத் தெரியும். சொல்ல மனம் வரவில்லை.

பெரிய வாத்தியார் எங்களுக்கு ஒரு பாடம் நடத்தியிருந்தார். அது எந்தப் புத்தகத்திலும் கிடையாது. இன்ஸ்பெக்டர் எந்தக் கேள்வி கேட்டாலும் வகுப்பு மொத்தமும் கை தூக்க வேண்டும். பதில் தெரிந்தால் வலது கை. தெரியாவிட்டால் இடது கை. பெரிய வாத்தியார் வலது கைகளாகப் பார்த்து எழுப்பிக்கொள்வார். வந்தவருக்கு எல்லாக் கையும் ஒன்றுதான். அடடா, என்ன வகுப்பு என்று நினைத்துக்கொள்வார். "தெரிஞ்சா சோத்துக்கை, தெரியலைன்னா பீச்சாங்கை. மாத்தினீங்க, தோலை உரிச்சுடுவேன்" என்று முடித்தார்.

எனக்கு அக்காவை நினைத்துத்தான் கவலை. கோயில் கறுப்புக் கயிற்றில் ஒரு முழம் எடுத்து அவள் வலது மணிக்கட்டில் கட்டினேன். "கயிறு கட்டின கைதான் தெரிஞ்ச கை. மறந்துடாத" என்றேன். கரி பொறுக்கிய நேரம் முழுக்கக் கேள்வி கேட்டேன். அவள் கூடையைக் கீழே வைத்து, கயிற்றைப் பார்த்து, கை தூக்கினாள். ஒரு தடவைகூடத் தப்பவில்லை. அன்றைக்குப் பாவாடையை மடித்துத் தலைமாட்டில் வைத்துப் படுத்தாள். காலையில் சொம்பில் நெருப்புக்கங்கு போட்டு அந்தப் பாவாடையைத் தேய்த்தாள்.

இன்ஸ்பெக்டர் வயதானவர். குடை கொண்டுவந்திருந்தார். நாற்காலியில் உட்கார்ந்து மூக்குக் கண்ணாடியைத் துடைத்தபடி முதல் கேள்வியைக் கேட்டார்.

"உங்க ஊர்ப் பக்கத்துல ஓடுற ஆறு எது? அது எங்கே போய்ச் சேருது? யாரு சொல்றீங்க?"

ஆரணியாறு. அம்மா பிறந்தது அந்த ஆற்றங்கரை ஆரணியில். அக்காவுக்கு அந்த ஆறு பாடத்திலும் தெரியும், காலிலும் தெரியும். பெஞ்சிலிருந்து பாதி எழுந்தே விட்டாள். முகம் அப்படி மலர்ந்தது. கையும் எழுந்தது. இடது கை.

நான் அவள் பாவாடையைப் பிடித்து இழுத்தேன். அவளுக்கு எங்கே தெரிகிறது? பெரிய வாத்தியார் அவளைத் தாண்டி மச்சினி பிள்ளையின் வலது கையைக் காட்டப் போனார். அதற்குள் இன்ஸ்பெக்டர் சிரித்துவிட்டார்.

"அந்தப் பொண்ணு சொல்லட்டும். அது பெஞ்சை விட்டே வந்துடும் போல இருக்கு."

"சார், அது வந்து... வேற ஒருத்தரை..."

"அதுவே சொல்லட்டுமே."

அக்கா சொன்னாள். "ஆரணியாறு சார். ஆந்திரா மலையில பொறந்து, ஊத்துக்கோட்ட, ஆரணி, பொன்னேரி வழியா வந்து பழவேற்காடு ஏரியில கலக்குது. கோடையில பாதம்தான் நனையும். மழைக்காலத்துல எங்க மாமா இந்தாண்ட வர முடியாது. தண்ணி எறங்கறவரைக்கும் அந்தாண்டயே நின்னுடுவாரு."

"சபாஷ்" என்றார் இன்ஸ்பெக்டர். எங்கள் வகுப்பில் அந்த வார்த்தையை அதற்கு முன் யாரும் வாங்கியதில்லை. அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வைக்காக நான் என் படிப்பு மொத்தத்தையும் கொடுத்துவிடுவேன். அதோடு அவர் விட்டிருக்கலாம். மெச்சியவர் இன்னும் கொஞ்சம் மெச்ச ஆசைப்பட்டார்.

"இங்கே வாம்மா. இந்தப் பாடத்தைப் படிச்சுக் காட்டு." தமிழ்ப் புத்தகத்தைப் பிரித்து அவள் கையில் கொடுத்தார்.

அக்கா புத்தகத்தைப் பார்த்தாள். மேலே ஒரு தேன்கூட்டின் படம் இருந்தது. அவள் முகம் தெளிந்தது. ஓ, இந்தப் பாடமா? விரலை முதல் வரியில் வைத்துக்கொண்டாள்.

"தேனீக்கள் கூட்டமாக வாழும். ஒவ்வொரு கூட்டுக்கும் ஒரு ராணித் தேனீ உண்டு..."

தங்குதடை இல்லாமல் போனாள். விரல் வரிவரியாக நகர்ந்தது. வகுப்பே வாயைப் பிளந்து பார்த்தது. பெரிய வாத்தியார் நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டார். அவருக்கே ஒரு நிமிஷம் நம்பிக்கை வந்திருக்க வேண்டும். விரல் கடைசி வரிக்கு வந்தது. பக்கம் முடிந்தது. அக்கா முடிக்கவில்லை.

"வேலைக்காரத் தேனீக்கள் ஓய்வை அறியாதவை. விடிந்ததும் அவை கூட்டை விட்டுப் புறப்படும்..."

அது அடுத்த பக்கம். அவள் தாளைத் திருப்பவே இல்லை. விரலை மறுபடி தேன்கூட்டுக்குக் கீழே கொண்டுபோய் வைத்து, அதே குரலில், அதே சந்தோஷத்தில், இல்லாத வரிகளைப் படித்துக்கொண்டு போனாள்.

இன்ஸ்பெக்டர் குறுக்கிடவில்லை. பாடம் முடியும் வரை கேட்டார். பிறகு மெதுவாக, "இந்தப் பக்கத்துல 'ராணி' எங்கே இருக்கு, தொட்டுக் காட்டும்மா" என்றார்.

அக்கா தேடினாள். ஒரு இடத்தைத் தொட்டாள். எடுத்துவிட்டு வேறு இடத்தைத் தொட்டாள். பிறகு படத்தைத் தொட்டாள்.

"சார், அது கொஞ்சம் மந்தம் சார்" என்று ஓடி வந்தார் பெரிய வாத்தியார். "பாவம் பாத்து உக்கார வெச்சிருக்கேன். தெரியாமயே கை தூக்கிடும்."

அந்தப் பழியை அக்காவால் தாங்க முடியவில்லை. மக்கு என்றால் பொறுப்பாள். பொய் என்றால் பொறுக்க மாட்டாள்.

"இல்ல சார், தெரிஞ்சுதான் தூக்கனேன்" என்று இன்ஸ்பெக்டரிடமே சொன்னாள். "கைதான் மாறிப் போச்சி. தெரிஞ்சா சோத்துக்கை தூக்கணும், தெரியலன்னா பீச்சாங்கை தூக்கணும்னு சார் சொல்லிக் குடுத்தாரு. நானு மறந்துட்டு பீச்சாங்கைய தூக்கிட்டேன். செண்பகம் கயிறுகூட கட்டி உட்டுச்சி சார்." கயிற்றுக் கையை நீட்டிக் காட்டினாள்.

இன்ஸ்பெக்டர் எங்கள் எல்லோரையும் பார்த்தார், பெரிய வாத்தியாரைப் பார்த்தார், குடையை எடுத்துக்கொண்டு வெளியே போனார். பெரிய வாத்தியாரும் பின்னாலேயே ஓடினார். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த எனக்கு அவர் சொன்னது கேட்டது.

"நீர் பண்ணின வேலையைப் பத்தி எழுதத்தான் போறேன், துளசிராமன். அது இருக்கட்டும். இந்தப் பொண்ணு மந்தம் இல்லை. திருத்தணிப் பக்கம் ஒரு பையனை இதே மாதிரி பாத்தேன். காது வாங்கிக்குது, கண்ணு வாங்க மாட்டேங்குது. இதுக்கு என்ன பண்றதுன்னு எனக்கும் தெரியலை."

அவ்வளவுதான். ஜீப் ஏறிப் போய்விட்டார். நல்ல மனிதர்தான், மறுக்கவில்லை. ஆனால் அன்றைக்கு நியாயமாக இடது கையைத் தூக்கியிருக்க வேண்டியவர்கள் அந்தப் பெரியவர்கள் இரண்டு பேரும்தான்.

பெரிய வாத்தியார் அக்காவை அடிக்கவில்லை. அடித்திருந்தால் வாங்கிக்கொண்டு மறுநாளும் வந்திருப்பாள். அவர் நைனாவை வரச் சொன்னார். நைனா ஷிப்ட் முடிந்த அழுக்குச் சட்டையோடு வந்து, துண்டை அக்குளில் இடுக்கி, வாசற்படிக்கு வெளியே நின்றார்.

"உன் பொண்ணால எனக்கு மெமோ வரப் போகுது. இதோட நிறுத்திக்கோ. அதுக்குப் படிப்பு ஏறாது" என்றார் பெரிய வாத்தியார்.

"வாயில கேட்டா எல்லாம் சொல்லுதே சார்."

"பரீட்சையை வாயால எழுத முடியாதுப்பா."

நைனா விடவில்லை. "சின்னது படிச்சுக் காட்டுது, இது கேட்டுக்குது. ரெண்டும் ஒண்ணா குந்திக்கினு கீதுங்க. பாஸு கூட வேணாம் சார். அது பாட்டுக்கு ஒரு ஓரமா குந்திக் கேட்டுக்கினு போவட்டும்."

"இது பள்ளிக்கூடம். சத்திரம் இல்லை."

எனக்குத் தாங்கவில்லை. "பீச்சாங்கை தூக்கச் சொன்னது நீங்கதான சார்" என்று கேட்டுவிட்டேன். அதற்குப் பிரம்பு என் உள்ளங்கையில் பதில் சொன்னது. நைனா அதைத் தடுக்கவில்லை. என் இன்னொரு கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். காய்ச்சிய கம்பியைக் குறட்டால் பிடித்து இழுக்கிற கை அவருடையது.

வீட்டில் அம்மா யாரையும் ஏசவில்லை. ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அக்காவுக்குத் தலை வாரி, எண்ணெய் வைத்து, இறுக்கிப் பின்னிவிட்டாள். "போவட்டும் வுடு" என்று மட்டும் சொன்னாள்.

மறுநாள் சாயந்திரம் கரி பொறுக்கப் போனோம். நான் வழக்கம்போலப் புத்தகத்தைப் பிரித்தேன். அவள் திருப்பிச் சொல்லவில்லை. குனிந்து குனிந்து கரியை மட்டும் பொறுக்கினாள். பாசஞ்சர் ஒன்று கடந்து போகிறவரை நின்றோம். சத்தம் அடங்கியதும் கேட்டாள்.

"அந்தத் தேனீ பாடம் நல்லாத்தானடீ சொன்னேன்?"

"நல்லா சொன்னக்கா. ஒரு வார்த்த வுடல."

"தாளத் திருப்பி இருக்கணும். அதான் மறந்துட்டேன்." கரித் துண்டு ஒன்றைப் பாவாடையில் துடைத்துக் கூடையில் போட்டாள். "அடுத்த தபா திருப்பிடுவேன்."

அவ்வளவுதான் தன் தவறு என்று நினைத்துக்கொண்டிருந்தாள். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அவள் முன்னால் அழக்கூடாதென்று வேகமாக அடுத்த பாடத்தைப் படித்தேன். எழுத்தெல்லாம் கலங்கித் தெரிந்தது. ஒரு வரிகூடச் சரியாக வரவில்லை. அவளுக்குத் தினமும் இப்படித்தான் இருந்திருக்கும் போலிருக்கிறது.

அடுத்த வாரம் திங்கட்கிழமை நான் மட்டும் பையைத் தூக்கிக்கொண்டு புறப்பட்டேன். அம்மாவும் அக்காவும் எஸ்டேட்டுக்குப் போவதால் அதன் கேட் வரை சேர்ந்து நடந்தோம். அக்கா நைனாவின் பழைய சட்டையைத் தாவணிக்கு மேல் போட்டிருந்தாள். தலையில் சும்மாடு. பள்ளிக்கூட மணி அடிக்க நேரமிருந்ததால் நான் கேட்டுக்கு வெளியே நின்றேன்.

உள்ளே புதுக் கட்டடத்துக்குச் சாரம் கட்டியிருந்தது. மேஸ்திரி செங்கல்வராயன் வந்திருந்த பொம்பளைகளை வரிசையாக நிற்க வைத்தார். தேவைக்கு மேல் ஆள் வந்துவிட்டார்கள் போல.

"கலவ வேல தெரிஞ்சவங்க மட்டும் கை தூக்குங்க. தெரியாதவங்கோ ஊட்டுக்குப் போயிகினே இருங்க" என்றார்.

எல்லோரும் தூக்கினார்கள். தெரிந்தவளும் தூக்கினாள், தெரியாதவளும் தூக்கினாள். அக்கா தூக்கவில்லை. மணிக்கட்டில் இருந்த கயிற்றைப் பார்த்தாள். மற்றக் கையைப் பார்த்தாள். பிறகு இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய்க் கோத்துக்கொண்டாள். மேஸ்திரியையே பார்த்துக்கொண்டு நின்றாள். எங்கள் வகுப்பில் கேள்வி கேட்டதும் முதலில் எழும்பிய இடது கையும் அங்கேதான் இருந்தது.

மேஸ்திரி வரிசையில் அவளிடம் வந்து நின்றார். "இன்னா, ஒனக்குத் தெரியாதா?"

கோத்த கையை அக்கா பிரிக்கவில்லை. அம்மா திரும்பிப் பார்த்தாள். பார்த்ததும் அவளுக்குப் புரிந்துவிட்டது. அக்காவின் முதுகுப் பக்கம் கையை விட்டு, அகப்பட்ட ஒரு கையைப் பிரித்து எடுத்து, தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தாள்.

"தெரியும் மேஸ்திரி. எம் பொண்ணுக்கு எல்லாம் தெரியும்."

எந்தக் கை என்று அம்மா பார்க்கவில்லை.